தளர்வும் ஓர் அளவுதான்

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கடைகளில் வரிசையாகத் தொங்கும் ரெடிமேட் அபாயாக்களின் கழுத்துப் பட்டியில் 52, 54, 56, 58 என்று ஓர் இலக்கம் இருக்கும். "எனக்கு 54" என்று சொல்லி வாங்கும் மாணவிகள் பலர். அந்த 54 எதைக் குறிக்கிறது என்று வகுப்பில் கேட்டால் மார்புச் சுற்று என்பார் ஒருவர், இடுப்பு என்பார் இன்னொருவர். உண்மையில் அது நீளம் மட்டுமே. தோளின் மேற்பகுதியிலிருந்து கீழ்விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. ஏறத்தாழ 5 அடி உயரமான பெண்ணுக்கு 52, அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடியவருக்கு 54, ஐந்தரை அடியை நெருங்குபவருக்கு 56 என்பது பொதுவான வழக்கம்.

தோள் அகலம், மார்புச் சுற்று, கைநீளம் ஆகியவற்றுக்கெல்லாம் தனி இலக்கம் கிடையாது. நீளம் கூடக்கூட அவையும் கூடும்படி தைத்து அனுப்புகிறார்கள். உயரமானவர் அகலமானவராகவும் இருப்பார், குட்டையானவர் ஒல்லியாகவும் இருப்பார் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. உங்கள் வீட்டில் உம்மா, மாமி, ராத்தா, தங்கை என்று நால்வரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு ஒருவராவது அடங்குவாரா என்பது சந்தேகம்.

அடங்காதவருக்கு என்ன நடக்கிறது? 5 அடி உயரமும் அகன்ற உடலும் உள்ள ஒரு மாணவி மார்புக்காக 58 எடுக்கிறாள். கீழே ஆறு அங்குலம் வெட்டி மடித்துத் தைக்கிறாள். தோள் தையல் புயத்தில் வந்து விழுகிறது. கை விரலை மூடுகிறது. கழுத்து பின்னால் இழுக்கிறது. உயர்ந்து மெலிந்த இன்னொருத்தியும் நீளத்துக்காக அதே 58 ஐ எடுக்கிறாள். அவளுக்கோ உடை கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்குகிறது. இருவரும் கண்ணாடி முன் நின்று ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "எனக்கு எதுவும் பொருந்தாது." குற்றம் வெட்டில் இருக்க, பழி உடலின் மேல் விழுகிறது. பெருநாளைக்குள் மெலிந்துவிட வேண்டும் என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலைப்பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதை வெறும் அலங்காரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாதது அதனால்தான்.

உடலின் வடிவம் தெரியாத, தளர்வான உடை என்பது நாம் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. அதில் இங்கு விவாதம் இல்லை. ஆனால் "தளர்வான உடைதானே, அளவு எதற்கு?" என்று ஒரு பேச்சு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இறுக்கமான உடைக்குத்தான் அளவு வேண்டும், தளர்வுக்கு வேண்டாம் என்ற நினைப்பு அது. தையல் தெரிந்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். தளர்வு என்பது உடலின் அளவோடு நாம் கூட்டும் ஓர் அளவு. எந்த இடத்தில், எத்தனை அங்குலம் கூட்டுகிறோம் என்பதில்தான் உடையின் வசதியும் அழகும் இருக்கின்றன.

இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பெண்களின் உடைக்கு ஒரே சீரான சைஸ் வேண்டும் என்ற முயற்சி அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு விவசாயத் திணைக்களத்துக்காக ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவரின் தலைமையில் ஏறத்தாழ 15,000 பெண்கள் அளக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. 1941 இல் அறிக்கை வந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத பெண்களின் அளவுகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இதை அடியொற்றி 1958 இல் அங்கு ஒரு நியமம் வெளியானது. பெண்களின் உடல்கள் அந்த அட்டவணைக்குள் அடங்க மறுத்தன. 1983 இல் அந்த நியமமே கைவிடப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய அளவுக்குத் தான் விரும்பிய இலக்கத்தைப் போடுகிறது. ஒரு கடையில் "மீடியம்" ஆன பெண் அடுத்த கடையில் "எக்ஸ்எல்" ஆவது இப்படித்தான். அவர் அந்த இரண்டு கடைகளுக்கும் இடையில் பருத்துவிடவில்லை!

இனி, உடல்வாகு. ஆப்பிள், பேரிக்காய், மணல்கடிகாரம் என்று பெண்ணுடலைப் பிரிக்கும் படங்களை எல்லோரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். (பேரிக்காயை வருடத்தில் எத்தனை தடவை நாம் காண்கிறோம் என்பது வேறு கதை.) 1940 இல் வில்லியம் ஷெல்டன் என்ற இன்னொரு அமெரிக்கர் மனித உடலை மூன்று வகையாகப் பிரித்து, உடலை வைத்து ஆளின் குணத்தையே சொல்லலாம் என்று எழுதினார். மேலே சொன்ன ஷெல்டன் வேறு, இவர் வேறு. உடலையும் குணத்தையும் முடிச்சுப் போட்ட அந்தக் கருத்தைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. 1987 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த டேவிட் கிப்பி என்ற அலங்கார ஆலோசகர் 13 உடல்வகைகளைச் சொல்லி ஒரு நூல் எழுதினார். இன்று இளம்பெண்கள் மத்தியில் அது மறுபடியும் பேசப்படுகிறது. அதில் "நச்சுரல்" என்று ஒரு குடும்பம் உண்டு. சற்று அகன்ற தோள், திடமான எலும்பு உள்ளவர்கள் அவர்கள். விறைப்பில்லாத, தளர்ந்து விழும் உடைகளே அவர்களுக்கு எடுப்பு என்பது அவருடைய கருத்து.

பதின்மூன்று வகைகளில் நான் எந்த வகை என்று தேடிக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த நூலின் அணுகுமுறையில் ஒன்று எடுத்துக்கொள்ளத் தக்கது. அது உடல் எடையை மட்டும் பார்க்காமல் எலும்புச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. எடை கூடும், குறையும். தோளின் அகலமும் உடலின் நீளமும் வளர்ந்து முடிந்தபின் பெரிதாக மாறுவதில்லை. உடையோ தோளில்தான் தொங்குகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தோள்.

ஒரு கழுத்தெலும்பின் முடிவிலிருந்து மறுபக்க முடிவு வரை, பின்புறமாக நாடாவை வைத்துத் தோழி ஒருத்தியைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். தோளின் சரிவையும் பாருங்கள். சிலருக்குத் தோள் நேராக இருக்கும், சிலருக்குச் சரிந்திருக்கும். பிறகு மார்புச் சுற்று, இடுப்பின் மிக அகலமான இடத்தின் சுற்று, புயத்தின் சுற்று, கழுத்தடித் தோளிலிருந்து கணுக்கால் வரை நீளம். இந்த ஆறு விடயங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். தையல்காரரிடம் பழைய உடையைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். பழைய உடையில் இருந்த பிழையும் புதிய உடைக்குப் போய்விடுகிறதல்லவா!

அளந்தாயிற்று. எவ்வளவு கூட்டுவது? மார்புச் சுற்றோடு 3 அல்லது 4 அங்குலம் கூட்டினால் அது உடலோடு ஒட்டிய உடை. 5 முதல் 8 அங்குலம் வரை கூட்டினால் தளர்வான உடை. அதற்கு மேல் போனால் மிகத் தளர்வு. இடுப்பில் 5, 6 அங்குலமாவது வேண்டும், ஏனென்றால் உட்காரும்போது இடுப்புச் சுற்று இரண்டு அங்குலம் வரை கூடும். நின்றபடி அளந்து தைத்த உடை வகுப்பு வாங்கில் உட்கார்ந்ததும் இறுக்குவது இதனால்தான். கீழ்விளிம்புக்கு எளிய வழி ஒன்று உண்டு. படியேறுவது போல ஓர் அகலமான எட்டு எடுத்து வைத்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்து நாடாவைச் சுற்றுங்கள். அந்தச் சுற்றைவிடக் குறைவான விளிம்புள்ள உடை, எவ்வளவு தளர்வாகத் தெரிந்தாலும், உங்களை நடக்க விடாது.

பலரும் நம்ப மறுக்கும் ஒரு விடயம் கைக்குழி, அதாவது கையைப் பொருத்துவதற்காக வெட்டும் வளைவு. அதை ஆழமாக வெட்டினால் கை தாராளமாக இருக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. ஆழமான கைக்குழி உள்ள உடையில் கையை உயர்த்தினால் உடை முழுவதும் மேலே இழுபடும், கணுக்கால் தெரியும். அக்குளுக்குக் கிட்டவாக வெட்டிய கைக்குழியில் கை மட்டும் உயரும், உடை இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய காலத்து அங்கிகளிலும் குர்தாக்களிலும் அக்குளில் ஒரு சிறிய சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். நேர் வெட்டு உடையில் கை தாராளமாக அசைய அந்தத் துண்டுதான் இடம் கொடுத்தது. நாலு அங்குலத் துணி போதும் அதற்கு.

உடை சரியா என்று சோதிக்கக் கண்ணாடி போதாது. தொழுகையின் அசைவுகளே நல்ல சோதனை. ருகூவில் முதுகு இழுக்கிறதா, ஸுஜூதில் தோள் பிடிக்கிறதா, எழும்போது விளிம்பு காலில் சிக்குகிறதா என்று பார்த்தால் உடையின் குறைகள் எல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்த உடலுக்கு எந்த வெட்டு என்று கேட்பீர்கள். அகன்ற தோளும் அகன்ற இடுப்பும் உள்ளவர்கள்தான் நம்மிடம் அதிகமாகக் கவலைப்படுகிறார்கள், அவர்களைப் பற்றியே கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். இவர்கள் பெரும்பாலும் "மறைக்க வேண்டும்" என்று நினைத்து விறைப்பான துணியில், மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்த உடையைத் தேடுகிறார்கள். விறைத்த துணி உடலைவிட்டு விலகி நின்று ஆளை இன்னும் அகலமாகக் காட்டும். இவர்களுக்கு வேண்டியது கனமாகவும் மென்மையாகவும் கீழ்நோக்கி விழும் துணி. தோள் தையல் தோள் எலும்பில் சரியாக உட்கார வேண்டும். அங்கிருந்து நேராகவோ சற்றே விரிந்தோ கீழே இறங்க வேண்டும். முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நீண்ட தையல் கோடு போதும், வேறு வேலைப்பாடு வேண்டாம். தோள் மட்டும் சரியாக அமைந்துவிட்டால் மீதித் தளர்வு எவ்வளவு இருந்தாலும் உடை அவருக்கென்றே தைத்ததாகத் தெரியும்.

தோள் ஒடுங்கி இடுப்பு அகன்றவருக்கு மேலே அளவாகவும் கீழே விரிவாகவும் வரும் அம்பிரல்லா வெட்டு நன்றாக அமையும். ரெடிமேட் வாங்கினால் இடுப்புக்கு ஏற்றதை எடுத்துத் தோளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மிக மெலிந்தவருக்குக் கொட்டன், லினன் போன்ற சற்று நிமிர்ந்து நிற்கும் துணி எடுப்பாக இருக்கும். வழவழத்த மெல்லிய துணி எலும்போடு ஒட்டும். குட்டையானவர்களுக்குப் "பட்டர்ஃப்ளை" அபாயாவில் கைத்துணி முழங்காலைத் தொட்டுவிடும். அது தளர்வு அல்ல, பாரம்.

இங்கே துணியையும் காலநிலையையும் பேசாமல் முடியாது. கறுப்பு அங்கி வெயிலுக்கு ஆகாது என்பார்கள். 1980 இல் "நேச்சர்" ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. பாலைவனத்தில் வாழும் பதவியர் சுட்டெரிக்கும் வெயிலிலும் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதே கேள்வி. நேகேவ் பாலைவனத்தில் கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் அணிவித்து அளந்தபோது, இரண்டிலும் தோலைச் சென்றடைந்த வெப்பம் ஒரே அளவாக இருந்தது. கறுப்புத் துணி அதிகமாகச் சூடேறியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் உள்ளே காற்று ஓடி அந்தக் கூடுதல் சூட்டைத் தோலை அடையுமுன் வெளியேற்றிவிட்டது. தளர்வு என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. துணிக்கும் தோலுக்கும் இடையில் காற்று ஓட வேண்டும். கீழேயும் கழுத்திலும் கையிலும் அதற்கு வழி இருக்க வேண்டும்.

ஆனால் அது உலர்ந்த பாலைவனம். புல்மோட்டை கடற்கரை. இங்கே காற்றில் ஈரம் இருக்கிறது, வியர்வை எளிதில் காய்வதில்லை. ஆகவே நமக்குத் தளர்வு மட்டும் போதாது, ஈரத்தை உறிஞ்சும் துணியும் வேண்டும். 100 கிராம் பருத்தி சாதாரண நிலையில் 8 கிராம் அளவுக்குக் காற்றின் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். ரேயன் அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட எடுக்காது. கடைகளில் "நிடா" என்று விற்கப்படும் அழகான கறுப்புத் துணி பொலியெஸ்டர்தான். ஜோர்ஜெட், க்ரேப் என்று வருவனவற்றிலும் பெரும்பகுதி அதுவே. அவை கசங்காது, சீக்கிரம் காயும், விழும் விதமும் அழகு. வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு கொட்டன் பாவாடையும் கொட்டன் சட்டையும் இருந்தால் போதும், வியர்வையை அவை ஏற்றுக்கொள்ளும், துணி உடலோடு ஒட்டாது.

ஒரு வேடிக்கையான தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். பொலியெஸ்டர் நூல் இயல்பில் பளபளப்பானது. அந்தப் பளபளப்பை மங்கச் செய்ய டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூளைக் கலக்கிறார்கள். அந்தத் தூளின் மூலப்பொருள் இல்மனைட், ரூட்டைல். நமது கடற்கரையின் கனிய மணலில் இருப்பவை அவை. கப்பலேறிப் போன மண்ணில் ஒரு துளி அபாயாவாகத் திரும்பி வந்து நம் மேலேயே கிடந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் வீசும்போது இன்னொரு சோதனையும் வரும். வீட்டுக்குள் தாராளமாகத் தெரிந்த மெல்லிய உடை காற்றில் உடலோடு ஒட்டி வடிவத்தை அப்படியே காட்டிவிடும். கூடுதல் துணி வைத்துப் பெரிதாகத் தைப்பதால் இது தீராது. பெரிய துணி பாய் போலக் காற்றைப் பிடிக்கும், அவ்வளவுதான். துணிக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். கீழ்விளிம்பை அரை அங்குலத்தில் முடிக்காமல் இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் அந்தக் கனமே உடையைக் கீழே பிடித்துவைக்கும்.

பெற்றோருக்கு ஒரு பகுதி. பெண்பிள்ளைகள் வேகமாக வளரும் காலம் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டியது. முதலில் கைகால்கள் நீளும், பிறகுதான் உடம்பு. பூப்பெய்தும் காலத்தை ஒட்டி இடுப்பு விரிவதும் உடலில் கொழுப்புச் சேர்வதும் இயற்கை. அது நோயல்ல, அதிகமாகச் சாப்பிட்டதன் தண்டனையும் அல்ல. ஆறாம் வகுப்பில் தைத்த சீருடை எட்டாம் வகுப்பில் இறுக்கும்போது "என்ன இப்படிக் குண்டாயிட்டாய்?" என்ற பேச்சு வாய்தவறி வந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும் மாமிமாரும் அதையே சொல்கிறார்கள். அதைக் கேட்கும் பிள்ளை கூனி நடக்கத் தொடங்குகிறாள். கூனி நடப்பவளுக்கு எந்த உடையும் முன்னால் இறங்கிப் பின்னால் ஏறும். சீருடை சிறிதாகிவிட்டது என்று சொன்னால் போதுமே, அதுதானே நடந்தது!

1993 முதல் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. அந்தத் துணியை வெட்டும்போதே நாளைய வளர்ச்சிக்கு இடம் வைக்கலாம். அதற்காக இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்து, பிள்ளையை அதற்குள் தொலைத்துவிட வேண்டியதில்லை. தோளையும் கழுத்தையும் இன்றைய அளவுக்கே தைத்து, பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமும் கீழ்மடிப்பில் மூன்று அங்குலமும் கைநுனியில் இரண்டு அங்குலமும் விட்டால், தவணை விடுமுறையில் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். மடிப்பை உள்ளே மறைத்துத் தைக்கும் வேலை எங்கள் உம்மாமாருக்குப் புதிதல்ல.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைகளின் நீண்ட உடையும் ஷோலின் நுனியும் சக்கரத்தில் சிக்குவது பெரிய ஆபத்து. ஏறியதும் விளிம்பைத் திரட்டி மடியில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்குக் காப்புக்கம்பி இருக்கிறதா என்று வாப்பாமார் பார்க்க வேண்டும். அடுப்படியில் அகன்ற கையுள்ள பொலியெஸ்டர் உடை வேண்டவே வேண்டாம். அது தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். கையை மடித்துப் பொத்தான் போடும் வசதியோடு தைத்த கொட்டன் உடையே அங்கு நல்லது.

புதிதாக வாங்க வசதி இல்லாதவர்கள், ஏற்கெனவே அலுமாரியில் பொருந்தாமல் தொங்கும் அபாயாவை எடுத்துப் பாருங்கள். தோள் அகலம் என்றால் கையைப் பிரித்துத் தோளை உள்ளே வெட்டி மீண்டும் பொருத்தலாம். இது கொஞ்சம் வேலையுள்ள திருத்தம், தெரிந்தவரிடமே கொடுங்கள். இடுப்பில் இறுக்கம் என்றால் பக்கத் தையலைப் பிரித்து இருபுறமும் மூன்று அங்குலத் துண்டு சேர்க்கலாம். அக்குளில் பிடித்தால் அந்தப் பழைய சதுரத் துண்டு. கீழே வெட்டிய ஆறு அங்குலத் துணி இதற்கெல்லாம் போதும். ஆகவே நீளம் குறைக்கக் கொடுக்கும்போது, வெட்டிய துணியையும் தையல்கார ராத்தாவிடம் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.